இரண்டடி வாய்க்கால்

மலேசியாவின் ஈப்போவுக்கு நான் ஒரு வாளியோடு போனேன். சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக் வாளிதான். அடிப்பக்கத்தில் இரண்டு துளை, துளைக்கு ஒரு ரப்பர் குழாய், குழாய்களின் மறுமுனையில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி. வாளியை மண்மேல் கவிழ்த்து வைத்தால், மண்ணிலிருந்து எவ்வளவு கரியமில வாயு வெளியே வருகிறது என்று கருவியின் திரை சொல்லும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வேளாண் கல்லூரியின் மண் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். பேராசிரியர் இல்லை. கருவிகளைச் செய்கிறவன், பழுது பார்க்கிறவன். ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடம் எங்கள் வாளியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைப் பழக்கிக்கொடுக்க ஓர் ஆளைக் கேட்டது. பேராசிரியருக்கு முழங்கால் ஆபரேஷன். அதனால் எனக்கு அடித்தது யோகம்.

விமான நிலையச் சுங்கத்திலேயே வாளி மாட்டிக்கொண்டது. மலாய்க்கார அதிகாரி அதைத் தலைகீழாகத் திருப்பி, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மண் மூச்சு விடுவதை அளக்கும் கருவி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பக்கத்து மேசையிலிருந்த தமிழ்ப் பெண் அதிகாரியைக் கூப்பிட்டு மலாயில் ஏதோ கேட்டார். இருவரும் சிரித்தார்கள்.

"என்னம்மா சொல்றார்?"

"ஒண்ணும் இல்ல அண்ணே. உங்க ஊர்ல மண்ணுக்குக்கூட ஆஸ்துமா பாக்குறாங்களான்னு கேக்குறாரு. போங்க போங்க."

முதல் நாள் காலை ஈப்போவில் ரொட்டிச் சானாய். நம் பரோட்டாவின் சித்தப்பா மகன். மாவை ஆகாயத்தில் வீசி வீசி மெலிதாக்குகிறார்கள். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. இரண்டாவது ரொட்டி கேட்கும்போது கடைக்கார அண்ணனிடம் வாளியைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, இத வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க லா" என்றார் அவர், இந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வோடு. "வாளிய கவுத்து மண்ணு மூச்ச பாக்குறேன்னு சொன்னா, நேரா தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டு விட்டுருவாங்க."

கடையே சிரித்தது. பக்கத்து ஊரான தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறதாம். சென்னையில் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லுகிற மாதிரி இங்கே இது. நானும் சிரித்தேன்.

அங்கேயே பாக்கியம் அக்கா வந்து சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தின் கள உதவியாளர். ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு வயது இருக்கும். ஆய்வுக்கூடத்தின் பச்சைச் சட்டை, மணிக்கட்டில் மஞ்சள் தடவிய காப்புக் கயிறு. முகத்தை அன்றுதான் பார்த்தேன், குரல் மட்டும் எட்டு மாதப் பழக்கம். வாளியை எப்படிச் செய்வது, குழாய் எங்கே கசியும் என்றெல்லாம் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் டீக்கடை, பேருந்து நிறுத்தம் என்று நின்ற இடத்திலிருந்து பதில் பேசி அனுப்பிவிடுவேன்.

"காப்பு எதுக்கு அக்கா?"

"தீமிதி சார். இன்னும் எட்டு நாளு. மூணு வருசம் மிதிக்கிறதா வேண்டுதல். இது மூணாவது."

மகன் குமரன் லாரி ஓட்டுகிறவன். சிலிம் ரிவர் பக்கம் நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தானாம். இப்போது மறுபடி லாரி ஓட்டுகிறான். அக்கா சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. என் ரொட்டியைப் பார்த்துவிட்டு, காப்புக் கட்டியிருப்பதால் கடைச்சாப்பாடு ஆகாது என்று வெறும் தேநீர் மட்டும் குடித்தார்.

அன்று முழுக்க ஆய்வுக்கூடத்தில் பாடம். இரவு சீனர் கடையில் கோழியும் பயறு முளையும் சாப்பிட்டேன். கோழியைவிட முளைதான் பிரமாதம். அவ்வளவு குண்டான முளையை நான் பார்த்ததில்லை. சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வருகிற தண்ணீரின் குணம் என்றார்கள். தண்ணீரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எனக்குத் தெரியாததா என்று தலையாட்டினேன். அந்த வாரத்தில் நான் ஆட்டிய தலையாட்டல்களில் இதற்கு மட்டும்தான் இன்னும் வெட்கப்படவில்லை.

இரண்டாம் நாள் ஆய்வுக்கூட வேனில் தெற்கே கிளம்பினோம். கோப்பெங்கைத் தாண்டும்போது அக்கா சன்னலுக்கு வெளியே கை காட்டினார். சிவப்பு மண் மேடு, அதன்மேல் ஒரே அச்சில் வார்த்த மாதிரி மாடி வீடுகள்.

"அங்கதான் சார் எங்க தோட்டம் இருந்துச்சு. பால் மரத் தோட்டம், ரப்பரு. வித்துட்டாங்க. எங்களுக்கும் கோயிலுக்கும் மாத்து எடம் குடுத்தாங்க, கீழ, சதுப்புல."

மேட்டிலிருந்து இறங்கிக் கடலைப் பார்த்துத் திரும்பியதும் சாலை ஆட ஆரம்பித்தது. தாரில் அலை அலையாக ஏற்ற இறக்கம். வேன் ஒவ்வொரு அலைக்கும் குதித்தது. இருபுறமும் எண்ணெய்ப்பனை, சாய்ந்து சாய்ந்து நின்றது. இப்படி நம் ஊரில் தென்னை சாய்ந்து நின்றால் புயல் அடித்த ஊர் என்று அர்த்தம். இங்கே காற்றே இல்லை. ஓரிடத்தில் முன்சக்கரம் சாலையின் விளிம்போடு உள்ளே இறங்கி, வேன் படுத்துக்கொண்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு மலாயில் ஒரு சொல் சொன்னார். மொழிபெயர்க்காமலே புரிந்தது. கடைசி மூன்று கிலோமீட்டரை அக்காவின் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் போனேன், வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. எதிரே வந்த பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அக்கா வீட்டில்தான் முதல் அதிர்ச்சி. பலகை வீடு. வாசலில் ஐந்து படிகள். கடைசிப் படி புது சிமெண்ட், அதற்கு மேலே இருந்தது கொஞ்சம் பழசு, அதற்கும் மேலே இன்னும் பழசு.

"வந்தப்ப ஒரே படிதான் சார். பதினஞ்சு வருசம் ஆச்சு."

"வீட்ட உயர்த்துனீங்களா?"

"வீடு அங்கியேதான் இருக்கு. வீட்டுக் காலு அடியில களிமண்ணு வரைக்கும் அடிச்சிருக்கு. மண்ணுதான் கீழ எறங்குது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குப் பின்னால், அவர்கள் குடிவந்த வருடம் ஆய்வுக்கூடத்தார் அடித்து வைத்த இரும்புக் கம்பத்தைக் காட்டினார். அடிக்கும்போது மண் மட்டத்தில் இருந்த சிவப்புக் கோடு இப்போது என் இடுப்புக்கு மேலே நின்றது. இடையில் இருந்த மண் எங்கே என்று கேட்டேன். அக்கா மேலே ஆகாயத்தைக் காட்டினார். அதை நான் பாடத்தில் படித்திருக்கிறேன். ஒரு வாளிக்குள் வருகிற எண்ணாகப் பார்த்திருக்கிறேன். என் இடுப்பளவு உயர மண் காற்றாகப் போயிருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்புட் என்று மலாயில் சொல்கிற மண் இது. மண் என்று சொல்வதே தப்பு. ஆயிரக்கணக்கான வருடமாக விழுந்த மரமும் இலையும் வேரும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்து, காற்றுப் படாததால் மக்காமல் சேர்ந்த கறுப்புச் சேறு. ஊறுகாய் ஜாடி மாதிரி. தண்ணீர் மேல்வரை நிற்கிற வரைக்கும் கெடாது. பனைக்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை இறக்கினால் காற்று உள்ளே போகும், ஊறுகாய் கெட ஆரம்பிக்கும். உள்ளே பூட்டியிருந்த கரி வாயுவாகக் கிளம்பும். மழை ஒழுங்காகப் பெய்கிற காலத்தில் அந்த இழப்பை மழை கொஞ்சம் தடுக்கும்.

"முன்னெல்லாம் ரெண்டு நாளைக்கு ஒரு மழ சார்" என்றார் அக்கா. "இப்ப பேஞ்சா ஒரேடியா வெள்ளம். இல்லன்னா மாசக்கணக்குல ஒரு சொட்டு இல்ல. இந்த வருசம் மே மாசம் வெசாக்குக்குப் பெறகு மழையே இல்ல."

எங்கள் டெல்டாவில் கதை நேர் எதிர். வயலில் தண்ணீர் தேங்கினால் மீத்தேன் வரும், அதனால் வடிய விடுங்கள், காய விடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதே எங்கள் வேலை. சொல்லிச் சொல்லி வாய்ப்பாடம் ஆகிவிட்டது. அன்று மாலை கால்வாய்க்கு அப்பால் வெட்டப்படாமல் மிச்சமிருந்த சதுப்புக் காட்டில் வாளியைக் கவிழ்த்தோம். எண் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அக்கா திருப்தியாக நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்குக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். முன்னால் கபடி மைதானம் அளவுக்குத் திடல். தீக்குழி வெட்டவேண்டிய இடத்துக்குக் கயிறு கட்டி மஞ்சள் தெளித்திருந்தார்கள். திடலைச் சுற்றி அழகாக ஒரு வாய்க்கால். ஒரே சீரான ஆழம், ஒரே சீரான சரிவு, கடைசியில் தோட்டத்தின் பெரிய கால்வாயில் இறங்கியது.

"அட, நேர்த்தியா வெட்டியிருக்காங்களே" என்றேன். "யார் வேலை?"

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மண்ணு தெரிஞ்ச ஒரு ஆளு சொன்னாரு சார். போன வருசம் குழியில தண்ணி ஊறி, கங்கெல்லாம் பாதியில அணைஞ்சு போச்சு. அதுக்காக வெட்டுனோம்."

செருப்பைக் கழற்றிவிட்டுத் திடலில் கால் வைத்தேன். நாலைந்து அடி எடுத்திருப்பேன். இடப்பக்கம் போகப் போகப் பாதம் சூடானது. பனி இன்னும் உலராத காலையில், சோறு வடித்த பானையின் அடியைத் தொடுகிற மாதிரி ஒரு சூடு. அந்த மூலையில் வேப்பிலையால் வட்டம் கட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, நடுவில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்கள் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். மண் சீறியது. ஆவி கிளம்பியது.

"ஆத்தா சூடு சார்" என்று அக்கா கிசுகிசுத்தார். "காப்பு கட்டுன மறுநாளே ஆத்தா எறங்கிட்டா. எந்த வருசமும் இப்படி எறங்குனதில்ல."

ஈர வைக்கோல் புகைகிற வாசம் அப்போதுதான் மூக்கில் ஏறியது. இங்கே எதையாவது எரித்தீர்களா என்று கேட்டேன். கொடியேற்றத்துக்கு முன்னால் திடலில் வளர்ந்திருந்த லாலாங் புல்லை வெட்டி அந்த மூலையில்தான் கொளுத்தினார்களாம். தண்ணீர் ஊற்றி அணைத்தும் விட்டார்களாம்.

வட்டத்துக்கு வெளியே ஓர் எட்டுத் தள்ளி வாளியைக் கவிழ்த்தேன். எண் ஓடியது. நான் கருவியைத் தட்டிப் பார்த்தேன். குழாயைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன். மறுபடி ஓடியது. அதன் எல்லையைத் தொட்டு, அதற்குமேல் காட்டத் தெரியாமல் திரை மினுக்கியது. இந்த வாளிகளை எத்தனையோ மண்மேல் கவிழ்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"அக்கா, இது நெருப்பு. புல்ல கொளுத்துன நெருப்பு உள்ள எறங்கிடுச்சு. இந்த மண்ணே விறகுதான். தண்ணியில ஊறிக் கெடந்தா தீ பிடிக்காது, இப்ப ரெண்டடிக்குக் காஞ்சு கெடக்கு. எந்த மடையன் இந்த மண்ணுல வாய்க்கா வெட்டச் சொன்னான்? மண்ணு தெரிஞ்ச ஆளா அவன்? அவனத்தான் தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டு விடணும்."

அக்கா காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "தலைவர கூப்புடுறேன்" என்று போனார்.

கோயில் தலைவர் ராமையா அண்ணன் பனைக்குலை லாரி ஓட்டுகிறவர், அகன்ற ஆள். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், காப்பு கட்டியாச்சு. கொடி ஏத்தியாச்சு. ஆத்தா எறங்குன எடத்த நெருப்புன்னு சொன்னா சனங்க என்ன நெனைக்கும்?" என்றார். கடப்பாரை கேட்டேன். அம்மன் இறங்கிய இடத்தில் கடப்பாரையா என்று முகம் சிவந்தது. வட்டத்துக்கு வெளியே என்று கெஞ்சி வாங்கி, மண்ணில் இறக்கினேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து உருவி, முனையில் ஒரு காய்ந்த வேப்பிலையை வைத்தேன். இலை சுருண்டு கருகியது.

ராமையா அண்ணன் தலையைத் திருப்பி, திடலை ஒட்டி வரிசையாக நின்ற பலகை வீடுகளைப் பார்த்தார். மொத்தம் பதினான்கு வீடு. மூன்றாவது பாக்கியம் அக்கா வீடு.

"உள்ள எந்தப் பக்கம் போவுது சார்?"

"தெரியலண்ணே. மேல ஒண்ணுமே தெரியாது."

அப்போதுதான் அக்கா, எண்ணெய் விளக்கு அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வேப்பிலை வட்டத்துக்குள் கால் வைத்தார். நான் கத்தியிருக்கவேண்டும். கத்தினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொப்பென்று ஒரு சத்தம். அவரது வலது கால் முழங்கால் வரை மண்ணுக்குள் போயிற்று. மண்ணின் மேல்தோல் மட்டும்தான் அங்கே இருந்திருக்கிறது, அடியில் வெறும் சாம்பல் பொந்து. "அம்மா" என்றார், ஒரே ஒரு தடவை. ராமையா அண்ணன் அவரை அக்குளில் கை கொடுத்து இழுத்தெடுத்தார். அந்தப் பொந்தில், பட்டப்பகலில், கங்கு செக்கச்செவேலென்று தெரிந்தது. வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன் என்று பிறகு சொன்னார்கள்.

அண்ணனின் லாரியிலேயே மருத்துவமனைக்குப் போனோம். அந்த அலைச் சாலையில் ஒவ்வொரு குதிப்புக்கும் அக்கா என் கையை நெரித்தார். காலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பொம்பா என்று இங்கே சொல்கிற தீயணைப்புப் படையினர் மதியம் வந்தார்கள். கால்வாயிலிருந்து குழாய் போட்டுத் திடலை நனைத்தார்கள். ஊற்றிய தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாக மறுபடி கால்வாய்க்கே ஓடியது. அவர்களின் அதிகாரி மலாயில் ஏதோ கத்தினார். யார் இதை வெட்டியது என்று கேட்கிறார் என்றார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். வாய்க்காலின் வாயில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அதன் பிறகுதான் தண்ணீர் நின்றது. நெருப்பு முதல் வீட்டுக்குப் பின்புறம் வரை போயிருந்ததை அன்று மாலைதான் கண்டுபிடித்தார்கள். எனக்கு இரவு சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் முழுக்கத் திடலில் வாளியோடு திரிந்தேன். நெருப்பு இல்லாத மூலையில் நனைத்த மண்ணிலிருந்துகூட வாயு குறையாமல் இன்னும் கூடியது. பயந்து பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். நீண்ட நாள் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் தண்ணீர் படும்போது அப்படித்தான், உள்ளே இருக்கும் நுண்ணுயிரெல்லாம் விழித்துக்கொள்ளும், சில நாளில் அடங்கும் என்றார். ஒவ்வொரு நீண்ட வறட்சிக்குப் பிறகும், அதை முறிக்கிற ஒவ்வொரு பேய் மழைக்கும் இந்த நாட்டின் சதுப்பெல்லாம் இப்படி ஒருமுறை மூச்சு விடும் என்று நினைத்துப் பார்த்தேன். திகிலாக இருந்தது.

ஐந்தாம் நாள் மருத்துவமனை. அக்கா கட்டில் தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்திருந்தார். காலில் முழங்கால்வரை வெள்ளைக் கட்டு. தோல் ஒட்டவேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னாராம். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினேன்.

"ஒக்காருங்க சார். எனக்கு ஒண்ணும் இல்ல. மூணாவது வருசமும் மிதிச்சாச்சு, அவ்வளவுதான். ஆத்தா கொஞ்சம் முன்னாடியே கூப்ட்டுட்டா."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாய்க்காலை வெட்டச் சொன்னவன் மட்டும் என் கையில் கிடைத்தால் என்று மறுபடி ஆரம்பித்தேன். அக்கா கை நீட்டி என்னை நிறுத்தினார். கைப்பேசியை எடுத்து எதையோ தேடினார். தேடிவிட்டு, வார்டில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் காதோரம் வைத்தார்.

அது என் குரல். பின்னணியில் டீ ஆற்றுகிற சத்தம். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. நான் அதிர்ந்துபோய்க் கைப்பேசியைத் தள்ளிவிட்டேன். பிறகு நானே வாங்கி முழுக்கக் கேட்டேன். எனக்குக் கொஞ்சம்கூட ஞாபகமே இல்லை. அவர் என்ன மண் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் களிமண்ணுக்கும் வண்டலுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகியதை, டீ வருவதற்குள் ஒரு சதுப்புக்குச் சொல்லி முடித்திருக்கிறேன்.

"அக்கா, கோயில்ல நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க மறந்துட்டீங்கன்னு தெரிஞ்சுச்சு சார். ஊரு விட்டு ஊரு வந்தவரு. நாலு பேரு முன்னாடி எப்படி சொல்றது?" போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "கமிட்டியில வெவரம் தெரிஞ்ச ஒருத்தரு சொன்னாருன்னுதான் சொன்னேன். பேரு சொல்லல. இத வேற யாரும் கேக்கல."

கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் அவர் கட்டைவிரல் நின்றது.

"அழிச்சிரட்டுமா சார்?"

நான் அழுதுவிட்டேன். ஐம்பத்தொரு வயதில், முன்பின் தெரியாத ஓர் ஊரின் மருத்துவமனையில், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு. வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அடுத்த மூன்று நாளில் நான் சாப்பிட்டது, பார்த்தது எதுவும் எழுதும்படியாக நினைவில் இல்லை. ஏழாம் நாள் மாலை மழை பெய்தது. கொட்டு கொட்டென்று ஒரு மணி நேரம். ஊரே வெளியே வந்து நனைந்தது. எட்டாம் நாள் திடலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, வாளியின் எண் இறங்க ஆரம்பித்திருந்தது.

ஒன்பதாம் நாள் தீமிதி நாள். தீக்குழி இல்லை. பூசாரி, ராமையா அண்ணன், வீட்டுக்கு ஒருவர் என்று உட்கார்ந்து பேசி, இந்த வருடம் மண்ணில் நெருப்பு வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். வேண்டுதல்காரர்கள் மஞ்சள் உடையில், தண்ணீர் நின்ற திடலில் இறங்கிக் கரகத்தின் பின்னால் அம்மன் சந்நிதிவரை நடந்தார்கள். அக்கா டாக்டரோடு சண்டை போட்டு இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தார். கோயில் நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்தார். பூசாரி அவரிடம் வந்து, "உன்னோடது முடிஞ்சுச்சும்மா" என்று காப்பை அவிழ்த்தார். குமரன் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு ராமையா அண்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். இந்தியாவிலிருந்து வந்து, வெறும் வாளியை வைத்துப் பதினான்கு வீட்டையும் கோயிலையும் காப்பாற்றிய சார் என்று ஆரம்பித்தார். மாலை போட்டார்கள். சரிகைக் கரை வைத்த பொன்னாடையைத் தோளில் சுற்றினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. ரெண்டு வார்த்தை பேசுங்க சார் என்று ஒலிபெருக்கியைக் கொடுத்தார்.

நான் நடைக்குப் போய் அக்காவிடம் கை நீட்டினேன். புரிந்துகொண்டார். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் கைப்பேசியைத் தந்தார். அதை ஒலிபெருக்கியில் வைத்து அழுத்தினேன்.

"அக்கா, அது ஒண்ணும் பெரிய விஷயமே இல்ல" என்றது என் குரல், கோயில் முழுக்க, தெருவரை. "திடல சுத்தி ரெண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கா வெட்டி, பெரிய கால்வாயில எறக்கி விட்டுடுங்க. தண்ணி தானா வடிஞ்சிடும். எந்த மண்ணா இருந்தாலும் இதுதான் வைத்தியம். அண்ணே, டீல சக்கர கம்மியா."

எங்கோ ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. "அந்த மடையன் நான்தான்" என்றேன். ஒலிபெருக்கியைக் கீழே வைத்தேன்.

ராமையா அண்ணன் என் பக்கம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்தாலும் தப்பில்லை. அவர் மெதுவாக வந்து என் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்தார். நான்காக மடித்து அக்காவின் மடியில் வைத்தார். வேலியோரம் போனார். அங்கே அவருடைய லாரி நின்றது. வாய்க்காலை நிரந்தரமாக அடைக்கக் கோப்பெங் மேட்டிலிருந்து சிவப்பு மண் ஏற்றி வந்திருந்தார். சங்குல் என்று இங்கே சொல்கிற மண்வெட்டி ஒன்றை லாரியிலிருந்து உருவி வந்து என்னிடம் நீட்டினார்.

"பொன்னாடையோட மண்ணு வெட்ட முடியாது லா, சார்."

வேட்டியை மடித்துக் கட்டினேன். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்கள். யாரும் என்னோடு பேசவில்லை, யாரும் போகவும் இல்லை. முதல் வெட்டு மண்ணை வாய்க்காலில் தள்ளியபோது நடையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ரெண்டடி சார்! கொறையாம மூடுங்க!"